ஃப்ளோரன்ஸின் 16 குடும்பங்களும் விடுபட்ட ஒரு திருமணமும்: பல்லடுக்கு வலைகளில் இணைப்பைக் கணிக்க முழுமையான வழிகாட்டி

15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரம் சில பெரிய வீடுகளின் கையில் இருந்தது. யார் வீட்டுப் பெண் யார் வீட்டுக்கு மருமகளாகப் போனாள் என்பது அந்த வீடுகளுக்குள் ஒரு கணக்கு. யாருக்கு யார் கடன் கொடுத்தார், யாரோடு யார் கூட்டு வியாபாரம் செய்தார் என்பது இன்னொரு கணக்கு. ஜான் பேட்ஜெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வழியாக இந்த இரண்டு கணக்குகளும் 16 குடும்பங்களுக்கு நமக்குக் கிடைத்திருக்கின்றன. வலையமைப்பு ஆய்வு படிப்பவர்கள் எங்காவது ஓரிடத்தில் இந்தத் தரவைச் சந்தித்தே தீருவார்கள்.

இதில் ஒரு திருமணப் பதிவு மட்டும் தொலைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மிச்சமிருப்பதை வைத்து அது எந்த இரண்டு வீடுகளுக்கு இடையிலானது என்று சொல்ல முடியுமா? லிங்க் பிரெடிக்‌ஷன் என்று துறையில் சொல்லப்படுவது இந்தக் கேள்விதான். திருமணம், வணிகம் என இரண்டு அடுக்குகள் கையில் இருப்பதால் இது பல்லடுக்குக் கணிப்பு.

லட்சக்கணக்கான கணுக்கள் (இங்கே ஒவ்வொரு குடும்பமும் ஒரு கணு) கொண்ட வலையிலும் செய்யப்போவது இதே வேலைதான். ஆனால் அங்கே எண்கள் திரையில் ஓடி மறைந்துவிடும், எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 16 குடும்பங்கள் என்றால் ஒரு தாளில் முடிந்துவிடும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள். கீழே வரும் எல்லா எண்களையும் நீங்களே சரிபார்க்கலாம்.

படி 1: எதைக் கணிக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

"விடுபட்ட இணைப்பு" என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. உண்மையில் இருந்தும் பதிவில் இல்லாத இணைப்பு ஒன்று. இன்னும் உருவாகாமல் நாளை உருவாகப்போகும் இணைப்பு மற்றொன்று. இரண்டாவதுக்குக் காலவரிசை வேண்டும்: பழைய தரவில் கற்று, புதிய தரவில் சோதிக்க வேண்டும். நாம் எடுத்துக்கொள்வது முதலாவது.

எந்த அடுக்கு இலக்கு என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். நமக்கு இலக்கு திருமண அடுக்கு, வணிக அடுக்கு துணை. "எல்லா அடுக்கிலும் எல்லாவற்றையும் கணிப்போம்" என்று தொடங்கினால் எங்கே சரியாக வந்தது, எங்கே தவறியது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

நம் இரண்டு அடுக்கிலும் இருப்பவை அதே 16 குடும்பங்கள். எல்லா வலையும் அப்படி இருக்காது. 2017இல் வெளியான ஹெட்டியோநெட் என்ற உயிரி மருத்துவ வலையில் மரபணு, மருந்து, நோய் என 11 வகையாக 47,031 கணுக்களும், 24 வகை உறவுகளில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளும் உள்ளன. அங்கே கணுக்களின் வகையே வேறு. ஆனாலும் கேள்விகளின் வரிசை மாறாது.

படி 2: அடுக்குகளைத் தனித்தனியாக எழுதுங்கள்

திருமண அடுக்கு, மொத்தம் 20 இணைப்புகள்:

- மெடிச்சி: அச்சாயுவோலி, பார்பதோரி, ரிதோல்ஃபி, தோர்னபுவோனி, அல்பிட்சி, சால்வியாத்தி
- ஸ்ட்ரோட்சி: காஸ்தெல்லானி, பெருட்சி, ரிதோல்ஃபி, பிஸ்கெரி
- குவதான்யி: தோர்னபுவோனி, அல்பிட்சி, பிஸ்கெரி, லாம்பெர்தெஸ்கி
- காஸ்தெல்லானி: பெருட்சி, பார்பதோரி
- மற்றவை: பெருட்சி–பிஸ்கெரி, ரிதோல்ஃபி–தோர்னபுவோனி, அல்பிட்சி–ஜினோரி, சால்வியாத்தி–பாட்சி

வணிக அடுக்கு, மொத்தம் 15:

- மெடிச்சி: பார்பதோரி, ஜினோரி, பாட்சி, சால்வியாத்தி, தோர்னபுவோனி
- பார்பதோரி: காஸ்தெல்லானி, ஜினோரி, பெருட்சி
- லாம்பெர்தெஸ்கி: பிஸ்கெரி, காஸ்தெல்லானி, குவதான்யி, பெருட்சி
- மற்றவை: பிஸ்கெரி–குவதான்யி, பிஸ்கெரி–பெருட்சி, காஸ்தெல்லானி–பெருட்சி

எண்ணிப் பார்த்தால் 15 குடும்பங்கள்தான் வரும். பதினாறாவது புச்சி. அந்த வீட்டுக்கு இரண்டு அடுக்கிலும் ஓர் உறவும் இல்லை. இதை அற்ப விஷயமாக விட்டுவிடாதீர்கள். பைதான் நிரல்மொழியின் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தோடு கூடவே வரும் ஃப்ளோரன்ஸ் திருமண வலையில் புச்சி இல்லை, 15 கணுக்கள்தான். 16 வீடு என்றால் சாத்தியமான ஜோடிகள் 120. 15 என்றால் 105. வகுக்கும் எண் மாறினால் அடுத்து வரும் ஒவ்வொரு விகிதமும் மாறும். தரவில் ஒருவர் தனியாக நிற்பதும், தரவில் அவரே இல்லாமல் போவதும் ஒன்றல்ல.

பெரிய வலைகளில் இந்தப் படிதான் அதிக நாட்களை விழுங்கும். ஒரே ஆள் ஓர் அடுக்கில் ஓர் எழுத்துக்கூட்டலிலும் மற்றதில் வேறொன்றிலும் இருப்பார். அவரை ஒருவராகச் சேர்க்காவிட்டால் அடுக்குகளுக்கு நடுவே பாலமே இருக்காது, அதற்குமேல் எந்தக் கணிப்பு முறையும் உதவாது. இங்கே செலவிடும் நேரத்தை வீண் என்று நினைக்க வேண்டாம்.

படி 3: ஓர் அடுக்கு மற்றதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. அடுக்கு கூடினால் கணிப்பும் கூடும் என்று நம்பி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள். தொடர்பே இல்லாத ஓர் அடுக்கைச் சேர்த்தால் நல்ல அடுக்கின் குரலும் அமுங்கிப் போகும். அளந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

120 ஜோடிகளில் 20க்குத் திருமண உறவு, 15க்கு வணிக உறவு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் தற்செயலாக ஒத்துப்போக வேண்டியவை 20 × 15 ÷ 120, அதாவது 2.5 ஜோடிகள். உண்மையில் 8 ஜோடிகளுக்கு இரண்டும் இருக்கின்றன: பார்பதோரி–காஸ்தெல்லானி, பார்பதோரி–மெடிச்சி, பிஸ்கெரி–குவதான்யி, பிஸ்கெரி–பெருட்சி, காஸ்தெல்லானி–பெருட்சி, குவதான்யி–லாம்பெர்தெஸ்கி, மெடிச்சி–சால்வியாத்தி, மெடிச்சி–தோர்னபுவோனி.

வேறு விதமாகச் சொன்னால், வணிகம் உள்ள 15 ஜோடிகளில் 8க்குத் திருமணமும் உண்டு, 53 விழுக்காடு. வணிகம் இல்லாத 105 ஜோடிகளில் 12க்குத்தான், 11 விழுக்காடு. கொடுக்கல் வாங்கல் இருக்கும் இடத்தில் சம்பந்தமும் இருக்கும் என்பது இந்த ஊரில் எண்ணாகவே தெரிகிறது. வணிக அடுக்கைச் சேர்க்கலாம்.

ஒத்துப்போதல் 2.5க்கு வெகுகீழே இறங்கியிருந்தாலும் அது பயனுள்ள செய்திதான். பகை அடுக்கு அப்படி இருக்கலாம். அங்கே இணைப்பு இருந்தால் இங்கே இருக்காது என்று கணிக்கலாம். கைவிட வேண்டியது, 2.5க்கு அருகிலேயே நிற்கும் அடுக்கைத்தான்.

படி 4: விடையை மறைத்துவிட்டு, மறைத்ததை முழுதாக மறந்துவிடுங்கள்

பார்பதோரி–காஸ்தெல்லானி திருமணத்தை அழித்துவிடுவோம். மிச்சம் 19 திருமணங்கள். இனி எந்த எண்ணிக்கையிலும் அந்தத் திருமணம் எட்டிப்பார்க்கக் கூடாது. படி 3இல் போட்ட விகிதங்களைக்கூட அப்படியே எடுத்து வரக் கூடாது, ஏனென்றால் அவற்றுக்குள் மறைத்த விடை இருக்கிறது. திரும்பக் கணக்கிடுகிறோம். திருமணம் உள்ள 19 ஜோடிகளில் வணிகமும் உள்ளவை 7. திருமணம் இல்லாத 100 ஜோடிகளில் வணிகம் உள்ளவையும் 7. நாம் மறைத்த ஜோடி இரண்டு கூட்டத்திலும் இல்லை.

பல்லடுக்கு வலைகளில் விடை கசிவதற்கு இன்னொரு வழியும் உண்டு, அது கண்ணில் படாது: மறைத்த இணைப்பின் எதிரொலி அடுத்த அடுக்கில் உட்கார்ந்திருக்கும். 2013இல் வந்து வெகுகாலம் எல்லோரும் பயன்படுத்திய எஃப்பி15கே என்ற சோதனைத் தரவில் இதுதான் நடந்தது. ஃப்ரீபேஸ் அறிவுத்தளத்திலிருந்து எடுத்த 14,951 கணுக்கள், 1,345 வகை உறவுகள். "இவர் இந்தப் படத்தில் நடித்தார்" என்பது ஓர் உறவு என்றால் "இந்தப் படத்தின் நடிகர் இவர்" என்பது இன்னோர் உறவு. முதலாவதை மறைத்தாலும் இரண்டாவது பயிற்சித் தரவில் அப்படியே இருந்தது. உறவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும் எளிய விதி ஒன்றே அங்கே பெரிய கணிப்பு மாதிரிகளுக்கு இணையான மதிப்பெண் வாங்கியது. 2015இல் அந்தத் திரும்பல்களை நீக்கி 237 உறவுகளோடு புதிய பதிப்பு வந்தது. அதில் மதிப்பெண்கள் மளமளவென்று இறங்கின.

நம் தரவிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். ஒரு திருமணத்துக்காக எழுதப்பட்ட வரதட்சணைப் பாக்கி வணிகக் கடனாகப் பதிவாகியிருந்தால், நாம் கணிக்கவில்லை, விடையை இன்னொரு பெயரில் படிக்கிறோம். எந்தத் தரவாக இருந்தாலும், அடுக்குகள் எப்படித் தொகுக்கப்பட்டன என்று தெரிந்துகொள்ளாமல் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

படி 5: முதலில் ஒரே அடுக்கை வைத்து முயலுங்கள்

அடுத்த அடுக்கு எவ்வளவு உதவியது என்று சொல்ல, அது இல்லாமல் எவ்வளவு வந்தது என்று தெரிய வேண்டும். மிக எளிய அளவுகோல் பொது அண்டை: இரு வீடுகளுக்கும் பொதுவான சம்பந்தி வீடுகள் எத்தனை? இதன் திருத்தப்பட்ட வடிவம் வளப் பகிர்வு அளவு. ஒவ்வொரு பொது அண்டையையும் 1 என்று எண்ணாமல், 1ஐ அந்த வீட்டின் மொத்த உறவுகளால் வகுத்துக் கூட்டுவது. ஆறு சம்பந்தம் வைத்திருக்கும் மெடிச்சி இருவருக்கும் பொதுவாக இருப்பதில் பெரிய செய்தி இல்லை. இரண்டே சம்பந்தம் உள்ள வீடு பொதுவாக இருந்தால் செய்தி உண்டு.

இணையாத ஜோடிகள் 101, மறைத்ததும் அதில் அடக்கம். இவற்றில் மூன்று ஜோடிகளுக்கு இரண்டு பொது அண்டைகள்: காஸ்தெல்லானி–பிஸ்கெரி, அல்பிட்சி–தோர்னபுவோனி, மெடிச்சி–குவதான்யி. 29 ஜோடிகளுக்கு ஒன்று. மீதி 69க்குச் சுழியம்.

நாம் தேடும் பார்பதோரி–காஸ்தெல்லானிக்கும் சுழியம்தான். பார்பதோரிக்கு மிச்சமுள்ள ஒரே சம்பந்தி மெடிச்சி. காஸ்தெல்லானிக்குப் பெருட்சியும் ஸ்ட்ரோட்சியும். பொது யாரும் இல்லை. 69 பேர் கூட்டத்தில் நம் விடை அடையாளமின்றி நிற்கிறது.

அளவுகோலையே இன்னும் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். திருமணம் உள்ள 19 ஜோடிகளில் 8க்கு ஒரு பொது அண்டையாவது உண்டு, 42 விழுக்காடு. இல்லாத 100இல் 32க்கு உண்டு, 32 விழுக்காடு. ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.3. பொதுச் சம்பந்தி இருப்பது இந்த ஊரில் திருமணத்துக்கு மிக மெல்லிய சான்று. "நண்பனின் நண்பன் நண்பன்" என்ற விதி பள்ளிக்கூடத்து நட்பு வலையில் நன்றாக ஓடும், எல்லா இடத்திலும் ஓடாது. புரத வலைகளில் அது திசைமாறியே போகும். ஒரே கூட்டாளியோடு ஒட்டும் இரண்டு புரதங்கள் ஒன்றுபோல் இருக்கும், ஆனால் தங்களுக்குள் ஒட்ட வேண்டிய தேவை இல்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே இரண்டு இணைப்பு நீளப் பாதைகளைவிட மூன்று இணைப்பு நீளப் பாதைகளை எண்ணுவதே நன்றாகக் கணிக்கிறது என்று காட்டியது. ஆகவே பிரபலமான அளவுகோல் என்பதற்காக எடுத்து வைக்காமல், உங்கள் வலையில் இந்த விகிதத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

படி 6: இரண்டாம் அடுக்கைச் சேருங்கள்

துணை அடுக்கிலிருந்து மூன்று விதமான குறிப்புகள் வரும். அந்த ஜோடிக்கே அங்கே நேரடி உறவு இருக்கலாம். அங்கே இருவருக்கும் பொது அண்டை இருக்கலாம். அல்லது கலப்பு முக்கோணம்: ஒரு பக்கம் திருமணம், மறுபக்கம் வணிகம் என நடுவில் ஒரு வீடு இருக்கலாம். நம் ஜோடிக்கு அப்படி ஒன்று உண்டு; பெருட்சி காஸ்தெல்லானிக்குச் சம்பந்தி, பார்பதோரிக்கு வணிகக் கூட்டாளி.

நேரடி உறவிலிருந்து தொடங்குவோம். படி 4இல் எண்ணியவை இங்கே கைகொடுக்கின்றன. திருமணம் உள்ளவர்களில் வணிகம் 19க்கு 7, இல்லாதவர்களில் 100க்கு 7. ஒன்றை மற்றதால் வகுத்தால் 5.3. வணிகம் இருந்தால் திருமணத்துக்கான வாய்ப்பு விகிதம் (இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள விகிதம்) ஐந்து மடங்குக்கும் மேல் ஏறுகிறது. பொது அண்டை தந்த 1.3ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வணிகம் இல்லாமையும் மௌனமாக ஒன்று சொல்கிறது: 19க்கு 12, 100க்கு 93, விகிதம் 0.68. பொது அண்டை இல்லாமைக்கு 0.85.

இந்த எண்களைப் பெருக்கினால் 101 ஜோடிகளும் நான்கு கூட்டமாகப் பிரிகின்றன:

- வணிகமும் உண்டு, பொது அண்டையும் உண்டு: 3 ஜோடிகள், மதிப்பு 6.9
- வணிகம் உண்டு, பொது அண்டை இல்லை: 5 ஜோடிகள், 4.5
- வணிகம் இல்லை, பொது அண்டை உண்டு: 29 ஜோடிகள், 0.9
- இரண்டும் இல்லை: 64 ஜோடிகள், 0.6

முதல் கூட்டத்தில் பிஸ்கெரி–லாம்பெர்தெஸ்கி, ஜினோரி–மெடிச்சி, மெடிச்சி–பாட்சி. நாம் தேடும் ஜோடி இரண்டாம் கூட்டத்தில் இருக்கிறது, 4 முதல் 8 வரையான இடங்களில் ஒன்று. 69 பேர் கூட்டத்திலிருந்து முதல் எட்டுக்குள் வந்துவிட்டது.

கலப்பு முக்கோணத்தை வைத்து இன்னும் பிரிக்கலாமா என்று பார்த்தேன். அந்த ஐந்தில் லாம்பெர்தெஸ்கி–பெருட்சிக்கு இரண்டு முக்கோணங்கள், மற்ற நான்குக்கும் ஒவ்வொன்று. நம் ஜோடி முன்னேறவில்லை, ஓரிடம் பின்னால் போகிறது. எனவே இந்தத் தரவில் அதைச் சேர்க்க எனக்கு நியாயம் தெரியவில்லை. உங்கள் தரவில் அது நிறைய உதவக்கூடும்.

பெருக்குவதில் ஓர் எச்சரிக்கை. இரண்டு குறிப்புகளும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டுதான் பெருக்கினோம். அடுக்குகள் பெரிதும் ஒத்துப்போகும் வலையில் ஒரே செய்தி இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும். அங்கே லாஜிஸ்டிக் ரெக்ரெஷன் (குறிப்புகளுக்கு எடை கொடுத்து ஆம், இல்லை என்பதைக் கணிக்கும் புள்ளியியல் முறை) போட்டால் எடைகளை அதுவே சரிசெய்துகொள்ளும்.

படி 7: எவ்வளவு நல்ல கணிப்பு என்று அளவிடுங்கள்

வழக்கமான அளவு ஏயூசி. மறைத்த ஜோடியை உண்மையிலேயே இணையாத ஒவ்வொரு ஜோடியோடும் ஒப்பிட வேண்டும். முந்தினால் 1, சமமென்றால் அரை, பின்தங்கினால் சுழியம், பிறகு சராசரி. ஒரே அடுக்கில் 32 ஜோடிகள் நம் ஜோடியை முந்துகின்றன, 68 சமம். விடை 0.34, காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கீழே. இரண்டு அடுக்கில் 3 முந்துகின்றன, 4 சமம், 93 பின்னால். விடை 0.95.

இதைப் பார்த்து உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. இரண்டு அடுக்கிலும் உறவுள்ள ஜோடியைத்தான் நான் விளக்கத்துக்காக எடுத்தேன். 20 திருமணங்களில் அப்படிப்பட்டவை 8தான். ஸ்ட்ரோட்சி–ரிதோல்ஃபி திருமணத்தை மறைத்துப் பாருங்கள். இரு வீடுகளுக்கும் வணிக அடுக்கில் ஓர் உறவும் இல்லை. திருமண அடுக்கிலும் பொது அண்டை இல்லை, கலப்பு முக்கோணமும் இல்லை. ஜோடி நேராகக் கடைசிக் கூட்டத்தில் விழுகிறது. இரண்டு முகாம்களைக் கட்டும் பாலம் போன்ற இணைப்பு அது. அண்டை வீடுகளைப் பார்த்துக் கணிக்கும் எந்த முறைக்கும் பாலங்கள் அகப்படுவது கடினம். ஆகவே ஒன்றை மறைத்து, கணித்து, திரும்ப வைத்து, அடுத்ததை மறைத்து என்று 20 திருமணங்களையும் சோதித்து, எந்த வகை இணைப்பில் தவறுகிறது என்று பிரித்து எழுதுங்கள். சராசரி மட்டும் போதாது.

பெரிய வலையில் ஏயூசியை மட்டும் நம்பவும் கூடாது. இணையாத ஜோடிகள் கோடிக்கணக்கில் இருக்கும்போது 0.95 வாங்கிய முறையும் முதல் நூறு பரிந்துரைகளில் தொண்ணூறைத் தவறாகச் சொல்லலாம். பட்டியலின் தலைப்பகுதியைத்தான் ஆய்வகத்தில் சோதிக்கப்போகிறீர்கள் என்றால், தலைப்பகுதியில் எத்தனை சரி என்பதையே அளவிடுங்கள்.

படி 8: பெரிய கருவிகளுக்கு எப்போது போவது?

கணுக்களை எண்வரிசைகளாக மாற்றும் நோட்2வெக், உறவு வகைக்கு ஒரு நகர்வு என்று கற்கும் டிரான்ஸ்ஈ, அடுக்குவாரியாகச் செய்தி கடத்தும் ஆர்ஜிசிஎன் என்று வழிகள் பல. இணைப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்து, மேலே செய்த எண்ணிக்கை முறை ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் நின்றால் அவற்றைத் தொடலாம். எண்ணிக்கை முறையின் மதிப்பெண்ணை ஒப்பீட்டுக்குக் கட்டாயம் பக்கத்தில் வைத்திருங்கள். 16 குடும்பங்களுக்கு அவை தேவையில்லை.

படி 9: பட்டியலின் தலைப்பகுதியை வரலாறு தெரிந்தவரிடம் காட்டுங்கள்

படி 5இல் சொன்ன வளப் பகிர்வு அளவைத் திருமண அடுக்கில் மட்டும் போட்டால் முதலிடம் மெடிச்சி–குவதான்யி ஜோடிக்கு. தோர்னபுவோனி, அல்பிட்சி இருவரும் பொதுச் சம்பந்திகள், இருவருக்கும் மும்மூன்று உறவுகள், ஆகவே மூன்றில் ஒன்றும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து 0.67. இணையாத வேறெந்த ஜோடியும் அதைத் தொடவில்லை. வணிக அடுக்கு இவர்களுக்குள் உறவு இல்லை என்கிறது, அதனால் மதிப்பு கொஞ்சம் இறங்கும். அதற்குமேல் நம்மிடம் உள்ள இரண்டு அடுக்குகளும் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் வரலாறு தெரிந்தவர் இந்த ஜோடியைப் பார்த்ததும் தயங்குவார். 1433 செப்டம்பரில் ஃப்ளோரன்ஸ் அரசின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் பெர்னார்தோ குவதான்யி. கோசிமோ மெடிச்சியை அழைத்துச் சிறையில் வைத்தது அவர் தலைமையிலிருந்த ஆட்சிதான். கோசிமோ நாடு கடத்தப்பட்டார், அடுத்த ஆண்டே திரும்பி வந்தார், அதன்பின் எதிர்முகாமின் ரினால்தோ அல்பிட்சியும் பல்லா ஸ்ட்ரோட்சியும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அல்பிட்சி வீடு மெடிச்சிக்குச் சம்பந்தி என்பதையும் மேலே உள்ள பட்டியலில் பாருங்கள். அரசியல் முகாம் என்ற மூன்றாவது அடுக்கை ஆவணங்களிலிருந்து கட்டி, படி 3இன் கணக்கை அதற்கும் போட்டுப் பார்ப்பது அடுத்து செய்ய வேண்டிய வேலை.